சென்சார் தன் சூட்டைத்தான் சொல்லும்

வெப்பநிலை அளக்க எந்த சென்சார் நல்லது என்று நான்கு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் தெர்மோகப்பிள் என்பார். இன்னொருவர் பிளாட்டினம்தான் என்று அடித்துச் சொல்வார். மூன்றாமவர் துப்பாக்கி போன்ற அகச்சிவப்புக் கருவியை நீட்டி, "தொடவே வேண்டாம், பொத்தானை அழுத்தினால் போதும்" என்பார். நான்காமவர் விலை குறைந்த சில்லு ஒன்றைக் காட்டுவார். அவரவர் வேலைக்கு அவரவர் சொல்வது சரிதான். கேட்டவருக்கு என்ன வேலை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நானும் ஒருமுறை இதில் சறுக்கினேன். சிறிய மின்சுற்றுப் பலகை ஒன்றைச் செய்து, அறையின் வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். நல்ல டிஜிட்டல் சென்சார். அரை டிகிரிக்கு மேல் பிழை இருக்காது என்று அதன் தகவல்தாள் உறுதி சொன்னது. ஆனால் சுவரில் தொங்கிய சாதாரணக் கண்ணாடி வெப்பமானியைவிட எப்போதும் மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியது. கெட்டுப்போன சரக்கு என்று முடிவுகட்டி, வேறொன்றை வாங்கி மாற்றினேன். அதுவும் அதே மூன்று டிகிரி. அதன் பிறகுதான் பலகையை விரலால் தடவிப் பார்க்கத் தோன்றியது. சென்சாரிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் மின்னழுத்தச் சீராக்கி இளஞ்சூடாக இருந்தது. அந்தச் சூடு பலகையின் செம்புத் தடம் வழியே ஊர்ந்து சென்சாருக்கு வந்துகொண்டிருந்தது. சென்சார் பொய் சொல்லவில்லை. தான் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதைப் பிசகாமல் சொன்னது. அதை அறையின் வெப்பநிலை என்று எடுத்துக்கொண்டது என் தவறு.

இந்தக் கட்டுரையில் வருகிற எல்லாமே இந்த ஒரு செய்தியின் கிளைகள்தான்.

கை சொல்வதும் கருவி சொல்வதும்

இரவு முழுவதும் ஒரே அறையில் கிடந்த இரும்புக் கம்பியையும் மரக்கட்டையையும் காலையில் தொட்டுப் பாருங்கள். இரும்பு சில்லென்றிருக்கும், மரம் அப்படி இருக்காது. உண்மையில் இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. இரும்பு நம் விரலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது, மரம் மெதுவாக இழுக்கிறது. நம் தோல் உணர்வது வெப்பநிலையை அன்று, வெப்பம் வெளியேறும் வேகத்தை.

கருவி அப்படி அவசரப்படுவதில்லை. காய்ச்சல் பார்க்க வெப்பமானியை நாக்கின் அடியில் வைத்துக் காத்திருக்கிறோம். எதற்காகக் காத்திருக்கிறோம்? வெப்பமானியின் நுனி நம் உடம்பின் சூட்டுக்கு வந்து சேர்வதற்காக. இரண்டும் ஒரே வெப்பநிலையை அடைந்து, இடையில் வெப்பம் ஓடுவது நின்றுவிடும் நிலைக்கு வெப்பச் சமநிலை என்று பெயர். அந்த நிலைக்கு வந்த பிறகு சென்சார் தன் வெப்பநிலையைச் சொன்னாலே பொருளின் வெப்பநிலையைச் சொன்னதாகிவிடும். வருவதற்கு முன் படித்தால், பாதி வழியில் இருக்கும் எண்தான் கிடைக்கும்.

அந்தப் பாதி வழிக்கும் கணக்கு உண்டு. 30 டிகிரியில் இருக்கும் சென்சாரை 80 டிகிரி வெந்நீரில் முக்கினால், இடைவெளி 50 டிகிரி. இந்த இடைவெளியில் ஏறத்தாழ 63 விழுக்காட்டைக் கடக்க ஆகும் நேரத்தை நேர மாறிலி என்பார்கள். அது பத்து நொடி என்றால், பத்தாவது நொடியில் கருவி 61 அல்லது 62 டிகிரியைக் காட்டிக்கொண்டிருக்கும். மீதி இடைவெளியில் அடுத்த பத்து நொடியில் மறுபடி 63 விழுக்காடு, இப்படியே போகும். ஐந்து நேர மாறிலி, அதாவது ஐம்பது நொடி கழிந்தால் 99 விழுக்காட்டுக்கு மேல் வந்து சேர்ந்திருக்கும். அதுவரை பொறுமை வேண்டும். இதே சென்சாரை அசையாத காற்றில் வைத்தால் நேர மாறிலி பல மடங்கு நீளும், ஏனென்றால் காற்று நீரைப்போல் சூட்டைச் சட்டென்று கொடுக்காது. தகவல்தாளில் "வேகமான சென்சார்" என்று இருந்தால், எதில் வைத்து அளந்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

இதுவரை பார்த்தது: சென்சார் அளப்பது தன்னையே. பொருளின் சூட்டுக்கு அது வந்து சேர நேரம் ஆகும், வந்து சேர விடாமல் தடுப்பவையும் உண்டு. அந்தத் தடைகளை அடுத்துப் பார்ப்போம்.

கயிறு இழுக்கும் போட்டி

சென்சாரின் நுனியை அளக்கவேண்டிய பொருள் ஒரு பக்கம் இழுக்கிறது. மறுபக்கம் அதன் கம்பி, உலோக உறை, சுற்றியுள்ள காற்று, எதிரே இருக்கும் சூடான சுவர் எல்லாம் சேர்ந்து இழுக்கின்றன. நுனி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் அளவீட்டின் நேர்மை இருக்கிறது.

நீண்ட உலோக உறை கொண்ட சென்சாரைச் சூடான குழாயில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் நுழைத்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வழியாகச் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். எண் குறைவாகவே நிற்கும். உறையின் விட்டத்தைப்போல் பத்து மடங்காவது உள்ளே நுழைக்கவேண்டும் என்பது பட்டறைகளில் சொல்லப்படும் கைக்கணக்கு. ஆறு மில்லிமீட்டர் உறை என்றால் ஆறு சென்டிமீட்டர். தட்டையான பரப்பை அளக்கும்போதும் இதே கதைதான். சென்சாரை மட்டும் ஒட்டிவிட்டுக் கம்பியைக் காற்றில் தொங்கவிடுவது பலர் செய்யும் பிழை. கம்பியையும் கொஞ்ச தூரம் அதே பரப்பின்மீது படுக்க வைத்து ஒட்டினால், கம்பி வழியே நடக்கும் திருட்டு பெருமளவு குறையும்.

எல்லாவற்றிலும் கடினமானது காற்று. காற்றின் பிடி அவ்வளவு தளர்வானது. வெயிலில் வைத்த சென்சார் வெயிலைக் குடித்துச் சூடாகிவிட்டு, காற்றைவிடப் பல டிகிரி அதிகம் காட்டும். வானிலை நிலையங்களில் பலகணி போன்ற சட்டங்களுடன் நிற்கும் வெள்ளைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 19-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது அது. வெயிலை மறைத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுவதே அதன் வேலை. விலை உயர்ந்த சென்சாரை வெயிலில் மாட்டுவதைவிட, மலிவான சென்சாரை இப்படியொரு பெட்டிக்குள் வைப்பது எவ்வளவோ மேல்.

சுருக்கமாக: எங்கே வைக்கிறோம், எப்படித் தொடவைக்கிறோம் என்பதில் பல டிகிரி போகலாம். வகைகளுக்கு இடையிலான வேறுபாடு பெரும்பாலும் அதைவிடச் சிறியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வகைகளுக்குப் போகலாம்.

மின்தடையைப் படிப்பவை

உலோகம் சூடானால் அதன் வழியே மின்சாரம் போவது கடினமாகும். இந்தக் கடினத்தின் அளவுதான் மின்தடை. அதன் அலகு ஓம். பிளாட்டினத்தில் இந்த மாற்றம் மிக ஒழுங்கானது, ஆண்டுகள் கடந்தாலும் பெரிதாக மாறாதது. பிடி100 என்று எங்கும் பேசப்படும் சென்சாரின் பெயரிலேயே விவரம் இருக்கிறது: பிளாட்டினம், 0 டிகிரி செல்சியஸில் 100 ஓம். 100 டிகிரியில் அது 138.5 ஓம் ஆகிறது. அதாவது ஒரு டிகிரிக்கு 0.385 ஓம் அளவில் ஏறுகிறது. ஏ வகுப்பு பிடி100-இல் 0 டிகிரியில் அனுமதிக்கப்படும் பிழை 0.15 டிகிரி, பி வகுப்பில் 0.3 டிகிரி. வெப்பநிலை ஏற ஏற இந்த அனுமதியும் விரியும்.

இதன் பலவீனமும் அதே எண்ணில் ஒளிந்திருக்கிறது. இணைப்புக் கம்பிகளுக்கும் மின்தடை உண்டு. போகவும் வரவும் சேர்த்துக் கம்பியில் ஒரே ஒரு ஓம் இருந்தால், கருவி அதையும் பிளாட்டினத்தின் கணக்கில் சேர்த்து 2.6 டிகிரி கூடுதலாகக் காட்டும். மூன்று கம்பி, நான்கு கம்பி என்று பிடி100 விற்கப்படுவது இதனால்தான். கூடுதல் கம்பிகள் இணைப்பின் மின்தடையைக் கழிக்க உதவுகின்றன. சின்ன ஆய்வகத்தில் அரை மீட்டர் தூரத்துக்கு இரண்டு கம்பி போதும். தூரம் நீண்டால் போதாது.

தெர்மிஸ்டர் என்பது உலோக ஆக்சைடுகளால் செய்த சிறு மணி. பெரும்பாலும் புழங்கும் வகையில் சூடு ஏறினால் மின்தடை இறங்கும், அதுவும் சரசரவென்று இறங்கும். 25 டிகிரியில் 10,000 ஓம் இருக்கும் தெர்மிஸ்டர் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 4 விழுக்காடு, அதாவது 400 ஓம் மாறும். கம்பியில் இருக்கும் ஒரு ஓம் இங்கே தூசு. டிஜிட்டல் காய்ச்சல் வெப்பமானியின் நுனியில் பெரும்பாலும் இருப்பது இதுதான். குறுகிய எல்லைக்குள் நுட்பமாகப் பார்க்க இதற்கு நிகர் குறைவு. ஆனால் மாற்றம் நேர்கோட்டில் போகாமல் வளைந்து போவதால் கணக்குப் போட்டுத்தான் டிகிரியாக்கவேண்டும். 150 டிகிரிக்கு மேல் சாதாரண வகைகளை நம்பவும் கூடாது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சங்கடம்: மின்தடையை அளக்கக் கொஞ்சம் மின்னோட்டம் செலுத்தவேண்டும், அந்த மின்னோட்டமே சென்சாரைச் சிறிது சூடாக்கும். நீரில் அது கரைந்துபோகும். அசையாத காற்றில் கணக்கில் வரும்.

தெர்மோகப்பிள்: அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது

இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து, அந்த முனையைச் சூடாக்கினால், மறுமுனைகளுக்கு இடையே சிறு மின்னழுத்தம் தோன்றும். 1821-இல் தாமஸ் சீபெக் இத்தகைய வளையத்தின் அருகே திசைகாட்டி முள் அசைவதைக் கண்டார். அவர் அதைக் காந்தம் சார்ந்த விளைவு என்றே நினைத்தார். உண்மையில் வளையத்தில் ஓடிய மின்னோட்டம்தான் முள்ளை அசைத்தது.

அந்த மின்னழுத்தம் மிகச் சிறியது. எந்த உலோகங்களைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து தெர்மோகப்பிள் வகைகளுக்குக் கே, எஸ், டி என்று எழுத்துப் பெயர்கள் உண்டு. பரவலாகப் பயன்படும் கே வகையில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட். மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பக்கத்தில் பெரிய மோட்டார் ஓடினால் அதன் இரைச்சல் உள்ளே நுழைந்து எண்ணை ஆட்டிவிடும்.

இணைத்த முனைதான் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது என்று பலரும் சொல்கிறார்கள். அது சரியன்று. மலை ஏறுகிறவர் உயரத்தைச் சம்பாதிப்பது சரிவு நெடுக, உச்சியில் அன்று. தெர்மோகப்பிளிலும் அப்படித்தான். சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைவரை வெப்பநிலை மாறிக்கொண்டே வரும் கம்பி நெடுக மின்னழுத்தம் சேர்கிறது. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன.

முதலாவது, தெர்மோகப்பிள் சொல்வது இரு முனைகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும். கருவியோடு இணையும் முனையின் வெப்பநிலையை வேறொரு சிறு சென்சார் அளந்து கூட்டித் தருகிறது. இதற்குக் குளிர்முனை ஈடுகட்டல் என்று பெயர். அந்தச் சிறு சென்சார் இரண்டு டிகிரி தவறினால் மொத்த அளவீடும் ஏறத்தாழ அவ்வளவு தவறும்.

இரண்டாவது, வழியில் கம்பியை மாற்றக் கூடாது. உலையின் பக்கத்தில் இருக்கும் இணைப்புப் பெட்டி 60 டிகிரியில் இருக்கிறது, கருவி இருக்கும் அறை 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இடையே கே வகைக்கு உரிய நீட்டிப்புக் கம்பி போடாமல், கையில் கிடைத்த செம்புக் கம்பியைப் போட்டால், 60-இலிருந்து 30 வரையிலான சரிவு கணக்கில் விழாது. உலையின் வெப்பநிலை ஏறத்தாழ 30 டிகிரி குறைவாகத் தெரியும். குறைவாகத் தெரிவதால் உலையை இன்னும் எரியவிடுவார்கள். பொருள் கருகிய பிறகு சென்சாரைத் திட்டுவார்கள்.

துல்லியத்தில் இது பிளாட்டினத்துக்கு இளைத்தது. கே வகையின் சாதாரண வகுப்பில் 2.5 டிகிரி பிழை அனுமதிக்கப்படுகிறது. ஆனால் ஆயிரம் டிகிரிக்கு மேலும் தாங்கும், முரட்டுத்தனத்தைப் பொறுக்கும், ஊசிமுனை அளவுக்கு மெல்லியதாகச் செய்யலாம். கே வகையும் சோர்ந்துபோகும் வெப்பத்துக்குப் பிளாட்டினமும் ரோடியமும் சேர்ந்த எஸ் வகை உண்டு. உறைகுளிருக்குச் செம்பும் கான்ஸ்டன்டன் என்ற செம்பு-நிக்கல் கலவையும் சேர்ந்த டி வகை ஏற்றது.

சில்லு வகை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிஎஸ்18பி20 போன்றவை டிகிரியையே எண்ணாகத் தந்துவிடும், கணக்கோ ஈடுகட்டலோ வேண்டாம். −55 முதல் 125 டிகிரி வரை வேலை செய்யும். தொடக்கக்காரர்கள் இதிலிருந்து ஆரம்பிப்பதே நல்லது என்பது என் கருத்து. என் பலகையில் இருந்ததும் இதுதான்.

தொடாமல் அளப்பது

சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. அதைப் பிடித்து வெப்பநிலையைக் கணிப்பது அகச்சிவப்புக் கருவி. பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அதன் பக்கச் சுவரை நோக்கி இந்தக் கருவியை நீட்டினேன். எண் 45-ஐத் தாண்டவில்லை. அதே சுவரில் கறுப்பு மின்காப்பு நாடாவை ஒரு துண்டு ஒட்டிவிட்டு, அந்தத் துண்டை நோக்கி அழுத்தினேன். 94 என்றது. இரண்டு இடங்களுக்கும் நடுவே இருந்தது நான்கு விரல் அகலம்.

காரணம் உமிழ்திறன். ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் எல்லாப் பரப்பும் ஒரே அளவு கதிரை வெளியிடுவதில்லை. வெளியிடக்கூடிய உச்ச அளவில் எத்தனை பங்கை ஒரு பரப்பு வெளியிடுகிறது என்பதே உமிழ்திறன். மனிதத் தோலுக்கு அது 0.98, நீருக்கு 0.96 அளவில், மெருகேற்றிய அலுமினியத்துக்கு வெறும் 0.05 அளவில். பளபளப்பான உலோகம் கண்ணாடியைப்போல் அறையின் கதிரைத்தான் பெரிதும் திருப்பி அனுப்புகிறது. என் கருவி முதலில் பாத்திரத்தை விட்டுவிட்டு அறையைத்தான் அளந்திருக்கிறது. நாடா கறுப்பாக இருந்ததால் வேலை செய்தது என்று நினைக்கவேண்டாம். வெள்ளைத் தாளுக்கும் வெள்ளைப் பூச்சுக்கும்கூட அகச்சிவப்பில் உமிழ்திறன் 0.9-ஐ ஒட்டியே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு.

சிவப்புப் புள்ளி அளக்கிறது என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. அது குறிகாட்ட மட்டுமே. கருவி அளப்பது ஒரு வட்டத்தின் சராசரியை. 12-க்கு 1 என்று குறித்த கருவி 60 சென்டிமீட்டர் தூரத்தில் 5 சென்டிமீட்டர் வட்டத்தைப் பார்க்கும். 3 மீட்டரில் 25 சென்டிமீட்டர் வட்டம். தூரத்திலிருந்து மெல்லிய குழாயைக் குறிவைத்தால், குழாயோடு பின்னால் இருக்கும் சுவரையும் சேர்த்தே அளப்பீர்கள். ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தால் கண்ணாடியின் வெப்பநிலைதான் கிடைக்கும். காற்றின் வெப்பநிலையை இதனால் அளக்கவே முடியாது.

ஆனாலும் சுழலும் உருளை, மின்சாரம் பாயும் இணைப்பு, எட்டாத உயரம் என்று தொடவே முடியாத இடங்களில் வேறு வழியில்லை. நெற்றியில் காட்டும் காய்ச்சல் கருவியும் இந்த வகைதான். அது அளப்பது நெற்றித் தோலை. உடலின் உள்வெப்பநிலை என்று திரையில் வருவது அதிலிருந்து கணித்துச் சொல்லும் எண்.

தசமப் புள்ளிக்குப் பின்னால்

ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரத்திலும் நொடி முள் இருக்கிறது. டிஎஸ்18பி20 சென்சார் 0.0625 டிகிரி மாற்றத்தைக்கூடக் காட்டும். ஆனால் அதன் பிழை அரை டிகிரி வரை போகலாம். எவ்வளவு சிறிய மாற்றத்தைக் காட்டும் என்பது பகுதிறன். காட்டும் எண் உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது துல்லியம். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் 27.4375 என்ற எண்ணைப் பார்த்து மயங்குகிறோம்.

சில வேலைகளுக்குத் துல்லியமும் முக்கியமன்று. நேற்றைவிட இன்று எவ்வளவு கூடியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பவருக்கு, ஒரே மாதிரி தவறும் சென்சார் போதும்.

வேலையிலிருந்து சென்சாருக்கு

இப்போது வேலைகளை எடுத்துக்கொள்வோம். தடுப்பூசிக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வரை காக்கவேண்டும். கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று உடனே சூடேறும்; குப்பிக்குள் இருக்கும் மருந்து அவ்வளவு சீக்கிரம் ஏறாது. வேகமான சென்சாரை வெறும் காற்றில் தொங்கவிட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கை மணி அடிக்கும், நான்கு நாளில் அந்த மணியை யாரும் மதிக்கமாட்டார்கள். அதனால் சென்சாரின் நுனியைக் கிளைக்கால் (glycol) என்ற திரவம் நிரப்பிய சிறு குப்பிக்குள் வைக்கிறார்கள். குப்பி மருந்தைப்போலவே மெதுவாகச் சூடேறும். இங்கே வேண்டியது வேகம் அன்று, மருந்தைப்போல நடந்துகொள்ளும் மந்தம். சென்சார் தன்னையே அளக்கிறது என்ற குறையை இவர்கள் வசதியாக மாற்றிக்கொண்டார்கள்.

நேர்மாறான வேலை, வேகமாக ஓடும் சூடான காற்றில் நொடிக்கு நொடி நடக்கும் மாற்றத்தைப் பிடிப்பது. இதற்கு உறை எதுவும் இல்லாத, முடிபோல் மெல்லிய தெர்மோகப்பிள் வேண்டும். பல ஆண்டு மாறாமல் ஓடவேண்டிய தொழிற்சாலைக் கலனுக்கு நான்கு கம்பிப் பிளாட்டினம். 800 டிகிரி உலைக்குக் கே வகை. கூடவே அதற்குரிய நீட்டிப்புக் கம்பி. உடல் வெப்பத்துக்குத் தெர்மிஸ்டர். −196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனுக்குச் சில்லு வகை ஆகாது; டி வகையோ, அந்தக் குளிருக்கு ஏற்ற பிளாட்டினமோ வேண்டும்.

வாங்கியதைச் சோதிக்க வீட்டிலேயே வழி உண்டு. பனிக்கட்டியைப் பொடியாக உடைத்துக் குவளையில் நிரப்பி, இடைவெளிகள் நிறையும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். கிளறிவிட்டுச் சில நிமிடம் விட்டால் அது 0 டிகிரிக்கு வந்து நிற்கும். நுனி குவளையின் அடியைத் தொடாமல் நடுவில் இருக்கவேண்டும். கொதிநீரை நம்பவேண்டாம்; கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினாலே கொதிநிலை ஒரு டிகிரி இறங்கிவிடும்.

என் பலகையின் சென்சாரைப் பத்து சென்டிமீட்டர் மெல்லிய கம்பியில் வெளியே இழுத்துவிட்டேன். மூன்று டிகிரி போய்விட்டது. முதலில் கெட்டுவிட்டதென்று கழற்றிய சென்சார் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் இட்டுப் பனிக்கட்டிக்குள் செருகிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் 0.19-இல் வந்து நின்றது.